விலை கேட்டவர் ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வி: மூன்று வருடமாக வீட்டிலிருந்தே டெரகோட்டா (சுட்ட களிமண்) நகைகள் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் 1,400 பேர் பின்தொடர்கிறார்கள். தினமும் ஒரு படம் போடுகிறேன். லைக் விழுகிறது, 'சூப்பர் சிஸ்' என்று கமெண்ட் விழுகிறது, ஆர்டர் மட்டும் மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான். விலை கேட்பவர்கள் பதில் சொன்னதும் காணாமல் போகிறார்கள். ரீல்ஸில் வந்து பேசி ஆடினால்தான் ஓடும் என்கிறாள் தங்கை. எனக்கு முகம் காட்டப் பிடிக்கவில்லை. பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா, இல்லை அந்தப் பணத்தில் விளம்பரம் கொடுக்கலாமா? போன மாதம் என் டிசைன் ஒன்றை இன்னொருவர் அப்படியே செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு என்ன வழி? மண் பிசைகிற நேரத்தைவிட போனைப் பிசைகிற நேரம்தான் இப்போது அதிகம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன். பிறகு, இது சிரிக்கிற விஷயமில்லையே என்று தோன்றியது. நீங்கள் குறிப்பிட்டிருந்த பெயரைத் தேடி, உங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். ஆலோசனை சொல்கிறவளாகப் பார்க்கவில்லை. தோழி ஒருத்திக்குப் பிறந்தநாள் வருகிறது, அவளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று நிஜமாகவே தேடினேன்.

நீலமும் செம்பு நிறமும் கலந்த ஒரு தொங்கல் கம்மல் பிடித்திருந்தது. அங்கேயே நின்றேன். எவ்வளவு பெரியது? ராத்திரியில் பளபளப்பான துணி மேல் வைத்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் அளவு தெரிய ஒன்றுமில்லை. மிளகு அளவும் இருக்கலாம், எலுமிச்சை அளவும் இருக்கலாம். காது தாங்குமா? வியர்த்தால் சாயம் போகுமா? விலை? 'விலைக்கு டிஎம் செய்யவும்', அதாவது தனிச்செய்தியில் கேளுங்கள் என்று கீழே இருக்கிறது. அதற்கும் கீழே ஒருவர் 'வெயிட்டா இருக்குமா சிஸ்?' என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவருக்கு ஓர் இதயப் படம் பதிலாகப் போயிருக்கிறது. நான் பக்கத்தை மூடிவிட்டேன்.

கடையில் இதெல்லாம் கேள்வியாகவே எழாது. கையில் எடுத்தால் கனம் தெரிந்துவிடும். காதருகே வைத்துக் கண்ணாடி பார்த்தால் அளவு தெரிந்துவிடும். நகத்தால் ஒரு தட்டு தட்டினால் உறுதியும் தெரிந்துவிடும். போனில் அந்தக் கை இல்லை. வாங்குகிறவருடைய கை செய்யவேண்டிய வேலையை உங்கள் படமும் எழுத்தும்தான் செய்தாக வேண்டும். இப்போது உங்கள் பக்கம் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் பொருளைப் பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது. பார்க்கிறார்கள், 'சூப்பர்' என்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள்.

விலை கேட்டவர்கள் ஓடிப்போவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. உங்கள் பக்கம் அவர்களைக் கேட்கச் சொல்கிற ஒரே கேள்வி விலைதான். பதிலாக ஓர் எண் மட்டும் தனியாகப் போகிறது. கனம் தெரியாமல், அளவு தெரியாமல், எத்தனை நாள் உழைப்பு என்று தெரியாமல் தனியாக வந்து நிற்கிற எந்த விலையும் அதிகமாகத்தான் தெரியும். 'விலை சொன்னால் போட்டியாளர் பார்த்துவிடுவார்' என்ற பயத்தில் பலரும் மறைக்கிறார்கள். போட்டியாளர் எப்படியும் வாடிக்கையாளர் மாதிரி மெசேஜ் போட்டுக் கேட்டுக்கொள்வார். மறைப்பதால் தடுக்கி விழுவது கூச்ச சுபாவமுள்ள வாடிக்கையாளர் மட்டுமே. அதனால் முதல் வேலையாக, ஒவ்வொரு படத்தின் கீழும் விலை, சென்டிமீட்டரில் நீளம், கிராமில் எடை, அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்கிற நான்கையும் எழுதுங்கள்.

அடுத்தது, நான் ரொம்பவே நம்புகிற ஒரு பயிற்சி. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் இன்பாக்ஸையும் கமெண்டுகளையும் ஆறு மாதத்துக்குப் பின்னோக்கிப் படியுங்கள். கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். 'தண்ணி பட்டா கரைஞ்சிடுமா?' 'கீழ விழுந்தா உடையுமா?' 'டெய்லி போடலாமா?' 'கொக்கி அலர்ஜி ஆகுமா?' 'வேற கலர்ல செஞ்சு தருவீங்களா?' முப்பது நாற்பது கேள்வி தேறும். அதில் பாதி ஒன்றையே மாற்றி மாற்றிக் கேட்டதாக இருக்கும். அந்தப் பட்டியல்தான் நீங்கள் அடுத்த மூன்று மாதம் போட வேண்டிய பதிவுகள். 'இன்றைக்கு என்ன போடுவது' என்று காலையில் எழுந்து விழிக்க வேண்டியதே இல்லை.

'கரையுமா' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு 'கரையாது சிஸ்' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். ஒன்றில் சுடாமல் காய்ந்த கம்மலைப் போடுங்கள், இன்னொன்றில் சுட்டதை. சுடாதது குமிழி விட்டு, உதிர்ந்து, அடியில் சேறாகப் படியும். சுட்டது அப்படியே கிடக்கும். போனை அசையாமல் சாய்த்து வைத்து எடுத்து, வேகப்படுத்தி அரை நிமிடமாக்கிப் போடுங்கள். கீழே காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள்: சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணோடு வேதிப் பிணைப்பில் இருந்த நீர் வெளியேறிவிடுகிறது, அதன் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது பழையபடி சேறாகாது. கூடவே உண்மையையும் சொல்லிவிடுங்கள். மண் கரையாது, ஆனால் மேலே பூசிய வண்ணத்துக்கும் உலோகக் கொக்கிக்கும் தண்ணீர் நல்லதில்லை, குளிக்கும்போது கழற்றிவிடுங்கள் என்று. குறையைத் தானே சொல்கிற விற்பனையாளரை ஜனங்கள் நம்புகிறார்கள். 'உடையுமா' என்ற கேள்விக்கும் இதே நேர்மைதான். உடையும். ஒற்றைக் கம்மல் உடைந்தால் அதற்கு ஜோடி செய்து தருவீர்களா, என்ன கட்டணம் என்பதை இன்றே முடிவு செய்து எழுதிவையுங்கள். பெரிய கம்பெனியால் இதைச் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

இப்போது தங்கை சொன்ன ரீல்ஸுக்கு வருகிறேன். அவள் சொன்னதில் பாதி சரி. வீடியோ புதியவர்களிடம் போகும். ஆட வேண்டும் என்பதும் முகம் காட்ட வேண்டும் என்பதும் எந்த விதியிலும் கிடையாது. உங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஈரம் சரியாகக் காயாமல் சூளையில் வைத்து வெடித்துப்போன ஆறு ஜோடியைக் கையில் அள்ளிக் காட்டி, 'இன்னைக்கு மனசே சரியில்லை' என்று எட்டு நொடி வீடியோ ஒன்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்திலேயே அதிகம் பேர் பேசியதும், அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பியதும் அதுதான். கவனித்தீர்களா? நீங்கள் அதைத் தோல்வி என்று நினைத்து அதோடு விட்டுவிட்டீர்கள்.

அனுப்பினார்கள் என்பது முக்கியம். 2016 வரை இன்ஸ்டாகிராமில் பதிவுகள் நேர வரிசையில் வந்தன. அதன் பிறகு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அதுவே வரிசைப்படுத்துகிறது. அதன் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்று விஷயங்களைக் குறிப்பிட்டுச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் செய்கிறார்களா, மற்றவருக்கு அனுப்புகிறார்களா. உங்களைத் தெரியாதவர்களிடம் பதிவு போய்ச் சேருவதில் இந்த 'அனுப்புதல்' கூடுதல் எடை கொண்டது என்றும் சொன்னார். யோசித்துப் பாருங்கள், துணி மேல் வைத்த கம்மல் படத்தை யார் யாருக்கு அனுப்புவார்கள்? வெடித்த ஆறு ஜோடியை அனுப்புவார்கள். 'பாவம்டி, எவ்வளவு உழைப்பு பாரு' என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவார்கள்.

ஆகவே கையைக் காட்டுங்கள். ஈரக் களிமண்ணில் ஊசியால் இதழ் இதழாகக் கீறுகிற விரல் போதும். காய்வதற்கு முன்னும் சுட்ட பின்னும் ஒரே கம்மலை அளவுகோலின் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மண் சுருங்குவதைப் பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு வரவைப்பது எவ்வளவு சிரமம் என்பதும் அப்போதுதான் புரியும். போட்டுக் காட்ட வேண்டுமா, காதும் கழுத்தும் மட்டும் படத்துக்குள் வந்தால் போதும். தலையை லேசாகத் திருப்பினால் கம்மல் ஆடுவதும் அளவும் ஒன்றாகத் தெரிந்துவிடும்.

சத்தத்தை மறந்துவிடாதீர்கள். நன்றாக வெந்த மண் இரண்டு ஒன்றோடொன்று பட்டால் 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும், வேகாதது 'டொக்' என்று மொக்கையாக ஒலிக்கும். உங்களுக்கு இது கைப்பழக்கம், உங்கள் வாடிக்கையாளருக்கு இது செய்தி. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு இந்தச் சத்தத்தை அமுக்காதீர்கள். போதாததற்கு, வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாடல்களையும் அனுமதிப்பதில்லை. உரிமை இல்லாத பாட்டென்றால் வீடியோவின் ஒலியை முடக்கிவிடவும் கூடும்.

படம் எடுப்பதைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஃப்ளாஷை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். காலையில் வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம், பக்கவாட்டில் வெளிச்சம், எதிர்ப்புறம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் நீங்கள் கீறிய கோடுகள் எழும்பித் தெரியும். போன் லென்ஸைத் துடையுங்கள். மண் வேலை செய்கிற கை ஆயிற்றே, உங்கள் படங்களில் பாதிக்கு மேல் ஒரு மெல்லிய புகை படர்ந்த மாதிரி இருக்கிறது.

தினமும் போடுவது பற்றி நான் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் இறங்கிய புதிதில், துணிப் பைகள் தைக்கிற ஒரு பெண்ணிடம் 'ஒரு நாளைக்கு மூன்று பதிவு, விடாமல்' என்று சொல்லியிருந்தேன். எங்கேயோ படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அவரும் நம்பி இரண்டு மாதம் செய்தார். மூன்றாவது மாதம் போன் செய்து, 'அக்கா, போடுறதுக்குப் பை இல்லை, தைக்க நேரமே கிடைக்கலை' என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அன்றிலிருந்து கையால் செய்து விற்கிறவர்களிடம் நான் சொல்வது: வாரம் இரண்டு பதிவு, உருப்படியாக. வாரத்தில் ஒரு மத்தியானத்தை மட்டும் படமெடுக்க ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் காலை அரை மணி, மாலை அரை மணி பதில் சொல்வதற்கு. மிச்ச நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும். சூளை பற்றவைக்கிற நாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்கு ஸ்டோரியாக எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையும் இல்லை. நல்லதாக அமைந்ததை, மறையாமல் பக்கத்திலேயே நிற்கிற ஹைலைட்டில் சேமித்துவிடுங்கள்.

ஹேஷ்டேக்கை 2007இல் ட்விட்டருக்காக கிறிஸ் மெசினா என்பவர் யோசனையாகச் சொன்னார். அப்போதிருந்து அதை மந்திரம் மாதிரி ஜபிக்கிறோம். நீங்களும் ஒவ்வொரு பதிவிலும் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். அதைவிட, தேடுகிறவர் தட்டுகிற வார்த்தை உங்கள் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கத்தின் பெயர் கவித்துவமாக இருக்கிறது, ஆனால் அதைப் படித்தால் நகையா நாவலா என்று தெரியவில்லை. பெயர் எழுதுகிற இடத்தில் பக்கத்தின் பெயரோடு 'டெரகோட்டா கம்மல்' என்று சேருங்கள். இன்ஸ்டாகிராம் தேடலில் அந்த இடமும் கணக்கில் வரும். நீங்கள் எல்லா இடத்திலும் 'காதணி' என்று எழுதுகிறீர்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் 'கம்மல்', 'தோடு' என்கிறார்கள். அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவதா? வேண்டாம். ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறேன். விலைக்கு வருகிற பத்தாயிரத்தில் கம்மல் போடுகிற காது ஒன்றுகூட இருக்காது. உங்கள் பதிவு முதலில் கொஞ்சம் பேருக்குப் போய், அவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் மேலும் பரவுகிறது. அந்தக் கொஞ்சம் பேர் பொம்மைக் கணக்குகளாக இருந்தால் பதிவு அங்கேயே படுத்துவிடும். உண்மையான 1,400 பேரும் உங்களைப் பார்ப்பது குறைந்துபோகும். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளைத் துடைத்து நீக்கியபோது, பெரிய பெரிய பிரபலங்களே லட்சக்கணக்கில் ஃபாலோயர்களை இழந்தார்கள். அந்த மெசேஜ் அனுப்பியவர் உங்கள் பாஸ்வேர்டையும் கேட்டாரா? கேட்டிருந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். அப்படியே, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். 'பதிப்புரிமை மீறிவிட்டீர்கள், இந்த இணைப்பைத் தொடுங்கள்' என்று வந்த ஒரு செய்தியை நம்பி, ஐந்து வருடம் வளர்த்த பக்கத்தை ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவர் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருக்கிறார்.

விளம்பரம் கெட்டதில்லை. ஆனால் இப்போது கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை. விலை கேட்கிற பத்துப் பேரில் மூன்று பேராவது வாங்குகிற நிலைக்குப் பக்கம் வரட்டும். பிறகு, தானாகவே நன்றாகப் போன ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய தொகையில் ஐந்து நாள் ஓடவிடுங்கள். நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் 'மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை லைக் வந்தது என்று பார்க்காதீர்கள். எத்தனை பேர் எழுதினார்கள், அதில் எத்தனை ஆர்டர் என்று மட்டும் நோட்டில் குறியுங்கள்.

டிசைன் காப்பி விஷயம் மனதை அறுக்கும், புரிகிறது. நீங்கள் எடுத்த புகைப்படத்தையே அவர் போட்டிருந்தால் வேலை சுலபம். இன்ஸ்டாகிராமிலேயே பதிப்புரிமைப் புகாருக்கான படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்புங்கள். உங்கள் டிசைனைப் பார்த்து அவர் கையால் செய்திருந்தால் விஷயம் சிக்கலாகிறது. 'மயில் வடிவக் கம்மல்' என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, அதை நீங்கள் வரைந்து செதுக்கிய விதத்துக்கு உரிமை கோர இடமிருக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டும், காலமும் காசும் வேண்டும். எதற்கும் முதல் ஓவியத்தையும் செய்யும்போது எடுத்த படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். அவருக்கு மரியாதையாக ஒரு தனிச்செய்தி அனுப்பிப் பாருங்கள். பக்கத்தில் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம், அவருக்குத்தான் இலவச விளம்பரமாகும்.

இன்னொன்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். மூன்று வருடத்தில் உங்களிடம் வாங்கியவர்கள் எண்பது தொண்ணூறு பேராவது இருப்பார்கள். அவர்கள் எங்கே? அந்தப் பெயர்கள் உங்கள் கையில் இல்லை என்றால், எல்லாச் சரக்கையும் வாடகை வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. ஆறு மணி நேரம் பரவாயில்லை. வைன் என்ற குறு வீடியோ ஆப் 2017இல் மூடியேவிட்டது, கூகுள் பிளஸ் 2019இல் பொதுமக்களுக்குக் கதவடைத்தது. அங்கே ஆள் சேர்த்தவர்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

வாங்கியவர்களின் எண்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் 2018இலிருந்து இருக்கிறது, இலவசம், பொருட்களை அடுக்கிவைக்க கேட்டலாக் வசதியும் உண்டு. அதில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஒரு பட்டியலில் 256 பேர் வரை ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாம். ஒரே ஒரு நுணுக்கம்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் பார்சலுக்குள் கையால் எழுதிய ஒரு சிறு அட்டை வையுங்கள். 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், சூளை திறக்கிற நாளில் முதல் படங்கள் உங்களுக்குத்தான் வரும்' என்று. மாதம் ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். பார்சல் போய் ஒரு வாரம் கழித்து, போட்டுப் பார்த்தீர்களா, காது வலிக்கிறதா என்று கேளுங்கள். படம் அனுப்பினால், பக்கத்தில் போடலாமா என்று அனுமதி வாங்கிப் போடுங்கள். நூறு பேர் எழுதுகிற 'சூப்பர் சிஸ்' எல்லாம் சேர்ந்தாலும், வாங்கியவர் காதில் தொங்குகிற கம்மலின் ஒரு படத்துக்கு ஈடாகாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் பார்க்காதீர்கள். இந்த வாரம் நோட்டும் இன்பாக்ஸும் மட்டும். அடுத்த வாரம் பழைய பதிவுகளில் விலையும் அளவும் சேருங்கள்; கடைசி இருபது பதிவுகள் போதும், அதற்கும் கீழே யாரும் இறங்கி வருவதில்லை. அதன் பிறகு அந்த இரண்டு டம்ளர் வீடியோ.

அதற்கு முன்னால் அந்த நீலக் கம்மலின் எடை எத்தனை கிராம், விலை என்ன என்று மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள். தோழியின் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.